தெரிந்த ஆளுக்கு இரண்டு புள்ளி

மலேசியாவில், மலாக்கா பக்கம் மெர்லிமாவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் நான்கு பேர் கதை விளையாட்டு ஆடுவோம். ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாளில் உருவாக்கிக்கொண்டு, பகடை உருட்டி, அந்த ஆளாகவே பேசும் விளையாட்டு. கதையை நடத்துவது நான். ராஜா, வாள், மந்திரம் எல்லாம் எனக்கு ஒத்துவராது. இன்றைய மலாக்காதான் களம். யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் கையில் இருபது புள்ளிதான். ஒவ்வொரு திறமைக்கும் புள்ளி செலவாகும். தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமென்றால் இரண்டு புள்ளி.

அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கும். கடைக்காரர் பாய் புள்ளி கொடுக்காமலே போலீசில் ஒரு மச்சான், லேண்ட் ஆபீசில் ஒரு மாமா என்று தன் பாத்திரத்துக்குச் சேர்த்துக்கொண்டே போவார். கேட்டால், சொந்தக்காரனுக்கு எதுக்குப் புள்ளி என்பார். கிளினிக்கில் தாதியாக இருக்கும் என் தோழி அதற்கும் மேல். பக்கத்து ஊர் ஜாசின் முழுக்க அவள் பாத்திரத்துக்குச் சித்தி பிள்ளைகள்தான். அழித்து அழித்தே என் ரப்பர் தேய்ந்துவிட்டது.

நான்காவது ஆள், செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி எடை பார்க்கும் அண்ணன். ஐம்பது வயது இருக்கும். வடக்கே கெடா மாநிலத்திலிருந்து வேலை மாறி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சாமான் வாங்க வந்தவரைப் பாய்தான் மேலே அழைத்து வந்தார். புதுக் கதைக்கு அவர் எழுதிய தாளைப் பார்த்தேன். லோரி ஓட்டுவார், வயரிங் பார்ப்பார், முதலுதவி செய்வார், சமைப்பார், பூட்டுக்கூடத் திறப்பார். தெரிந்த ஆட்கள் என்ற இடம் மட்டும் காலி.

எனக்கு வாய் சும்மா இருக்காது. இந்த ஊரில் ஒருத்தரையும் தெரியாமல் ஒரு மனுஷன் இருப்பானா, யார் நம்புவார்கள், திருத்திக் கொடுங்கள் என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் கோபப்படவில்லை.

"இருப்பான் தங்கச்சி. வியாழக்கிழமை எனக்கு ஹெர்னியா ஆப்பரேஷன். ஆஸ்பத்திரியில நிரப்பச் சொன்ன பாரத்துல சொந்தக்காரங்க பேரு, போன் நம்பர் கேக்குறாங்க. எழுத ஆள் இல்ல. தள்ளிப் போட்டுடலாம்னு இருக்கேன் லா."

ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப் போட்டாராம். இனியும் தள்ளினால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதையும் மெல்லத்தான் சொன்னார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை மாதமாக அவரோடு பகடை உருட்டியிருக்கிறேன், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. பாய் தன் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

பாரம் எங்கே என்று கேட்டேன். கீழே மோட்டார் சைக்கிளில் இருக்கிறது என்றார். எடுத்து வரச் சொல்லி, என் பெயரையும் நம்பரையும் எழுதினேன். உறவு என்ற இடத்தில் தங்கை என்று மலாய் மொழியில் போட்டேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவே கூப்பிடுவாங்க தங்கச்சி."

"கூப்பிடட்டும்."

வியாழக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போனேன். கடையைப் பூட்டிவிட்டுப் பாய் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். தோழியும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. தாதி ஒருவர் வெளியே வந்து, அண்ணன் பெயரைச் சொல்லி, அவருடைய குடும்பத்தார் யார் என்று கேட்டார்.

மூன்று பேரும் எழுந்தோம். ஒருத்தர்தான் வரலாம் என்றார். பாரத்தில் என் பெயர்தான் இருக்கிறது என்று அதட்டி, இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே போனேன்.