முப்பத்துமூன்று அங்குலம்

வெர்னா ஹட்சின்ஸ் தன் தூண்டிலை வீசுமுன் அடுத்தவர் வாளிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவார். வாளிக்காரர் ஊருக்குப் புதியவரென்றால் முகம் சுளிப்பார். பழகியவரென்றால், "பாருங்க மிஸ் வெர்னா, வெறும் இறாலுதான்" என்று தானே வாளியைச் சாய்த்துக் காட்டுவார்.

வயது அறுபத்துமூன்று. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இன்றும் யாரிடம் பேசினாலும் கடைசி இருக்கைக்குக் கேட்கும்படிதான் பேசுவார். தலையில் இறந்த கணவரின் தொப்பி, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, அக்குளில் மீன் அளக்கும் பலகை. மதியத்துக்கு அவித்த வேர்க்கடலை. தூண்டிலில் இறாலைக் குத்தும்போது அதனிடம் மன்னிப்பு வேறு கேட்பார்: "கோச்சுக்காத கண்ணு, இன்னிக்கு உனக்கு நேரம் சரியில்ல."

எங்கள் ஃப்ளோரிடாக் கரைக்கு ஸ்னூக் மீன் என்றால் பைத்தியம். நம் கொடுவாவின் ஜாடை. விலாவில் நீளமாய் ஒரு கருங்கோடு. ஐந்து வருடத்துக்கு முன் கடலில் நச்சுப்பாசி படர்ந்து, மணல் தெரியாமல் ஸ்னூக் செத்து ஒதுங்கியது. மாநில அரசு தடை போட்டது. பிடிக்கலாம், பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும். இரண்டு வருடம் கழித்து, தடையை எடுக்கலாமா என்று அதிகாரிகள் கூட்டம் கூட்டிக் கேட்டார்கள். ஊரே எடுக்கச் சொன்னது. வெர்னா மட்டும் எழுந்து, "கண்ல படுறதெல்லாம் பொடிசு. தாய் மீன் எங்க? இன்னும் ரெண்டு வருஷம் விட்டு வைங்க" என்றார். தடை நீண்டது.

சுற்றுலாக்காரர்களை மீன்பிடிக்க அழைத்துப்போகும் கேப்டன் டாயல் ரிக்ஸ் அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினார். தடையால் அவருடைய இரண்டு படகில் ஒன்று கையை விட்டுப் போயிருந்தது. படகுத்துறையில் வெர்னாவின் குரல் கேட்டாலே முதுகைத் திருப்பிக்கொள்வார்.

போன செப்டம்பர் முதல் தேதி தடை நீங்கியது. ஆளுக்கு ஒரு மீன். இருபத்தெட்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. முப்பத்துமூன்றைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் பெரிதானவை பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். விடிவதற்குள் துறையில் கால் வைக்க இடமில்லை. திருவிழாதான்.

ஏழு மணி இருக்கும். வெர்னாவின் தூண்டில் கழி வில்லாக வளைந்தது. நைலான் நரம்பு கிறீச்சென்று ஓட, மீன் ஒரு ஆள் உயரம் துள்ளி விழுந்தது. அது நேரே டாயலின் ஆட்கள் போட்டிருந்த தூண்டில்களை நோக்கிப் பாய்ந்தது.

"எல்லாரும் நரம்பைச் சுத்துங்க. அது போற வழில எதுவும் இருக்கக் கூடாது" என்று டாயல் கத்தினார்.

கால் மணி நேரப் போராட்டம். வலையில் கோரித் தூக்கியது பக்கத்தில் நின்ற நான்தான். ஈரப் பலகையில் கிடத்தினோம். வால் நுனி முப்பத்துமூன்றாம் கோட்டைத் தொட்டு நின்றது. துறை முழுக்க ஒரே கைதட்டல்.

டாயல் குனிந்து பார்த்தார். இரண்டு வருடத்தில் அவர் வெர்னாவிடம் பேசிய முதல் வார்த்தை: "கரெக்டா இருக்கு. கொண்டு போய்ச் சமை."

"வாலைச் சேர்த்துப் பிடிச்சில்ல அளக்கணும்?"

"இங்க எந்த ஆபீசர் இருக்கான் பாக்க?"

"நான் இருக்கேனே."

வெர்னா வாலின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்தார். நுனி கோட்டைத் தாண்டி அரை அங்குலம் நீண்டது.

"உன் சட்டம் உன்னையே கடிச்சிருச்சா?" என்றார் டாயல்.

"கடிக்கட்டும். நாலு வருஷமா நாக்குல ருசிய வச்சுக்கிட்டு அலையறேன், தெரியுமா? தள்ளு, மூச்சுக்குத் தவிக்குது."

துறையின் வழுக்கும் பலகைத் தளத்தில் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் மீனைத் தண்ணீருக்குள் இறக்கிப் பிடித்தார். செவுளுக்குள் நீர் போகும்படி முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தினார். மீன் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் எட்டினார், உடம்பு சறுக்கியது. டாயல் மண்டியிட்டு அவருடைய இடுப்பு பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"விழுந்து தொலைச்சிராத. உன்னைத் தூக்க இங்க வலை கிடையாது."

"பேசாமப் பிடி."

செவுள் ஒருமுறை விரிந்தது. மறுபடியும். சட்டென்று வால் சுழன்று எங்கள் முகத்திலெல்லாம் உப்பு நீர் தெறித்தது. கருங்கோடு பச்சைத் தண்ணீருக்குள் நழுவி மறைந்தது.

"போயிட்டா" என்றார் வெர்னா, எழுந்திருக்காமலே. டாயலும் எட்டிப் பார்த்தார், பெல்ட்டிலிருந்து கையை எடுக்காமல்.