ஒரு விரல் நீளம் கூடின எம்டன்

எம்டன் கப்பலோட அடிப்பாகம் மதுராந்தகத்துல, மேல்பாகம் செங்கல்பட்டுல. ரொம்ப காலம் அப்படித்தான் கிடந்துச்சு. அடிப்பாகத்தை மரத்துல செஞ்சவர் என் சம்பந்தி, அதாவது என் பொண்ணைக் கட்டின பையனோட அப்பா. மேல்பாகம் தகரத்துல, அது என் வேலை.

எம்டன்னா தெரியுமில்ல? முதல் உலகப் போரப்போ மெட்ராஸ் மேல குண்டு போட்டுட்டு இருட்டுல ஓடிப்போன ஜெர்மன் போர்க்கப்பல். எங்க பக்கத்துல இன்னைக்கும் ஒருத்தன் கில்லாடியா இருந்தா, "அவன் பெரிய எம்டனாச்சே"ம்போம். அந்தக் கப்பலை நூத்துல ஒரு பங்கு அளவுக்கு, கடையில விக்கிற கிட்டு எதையும் வாங்காம, ஒவ்வொரு துண்டையும் கையாலயே செய்யறதுன்னு ரெண்டு பேரும் இறங்கினோம்.

ஆரம்பிச்சது கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போன அன்னைக்கு. பொம்பளைங்க புடவை நிறம் பத்தி பேசிகினு இருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து ஃபேனைப் பார்த்துகினு இருந்தோம். எதையாவது பேசணுமேன்னு, "உங்களுக்கு மதுராந்தகம்தான் பூர்வீகமா?"ன்னு கேட்டேன். "அட நீங்க வேற. எம்டன்தான் எங்களை இங்க கொண்டாந்து எறக்கிச்சு"ன்னார். குண்டு விழுந்தப்போ பட்டணத்துல இருந்து மூட்டை முடிச்சோட ஓடியாந்த குடும்பமாம். ஏரியில தண்ணி இருக்கறதைப் பார்த்துட்டு இங்கேயே தங்கிட்டாங்களாம். "அந்தக் கப்பல் வரலைன்னா இந்தச் சம்பந்தமே கெடையாது"ன்னு சொல்லி, தோள் குலுங்கச் சிரிச்சார். அந்த ஆளை எனக்கு அப்பவே புடிச்சிப்போச்சு.

நான் மறைமலைநகர்ல கார் பாகம் செய்யற கம்பெனியில, தகடு அடிக்கற பிரஸ் ஷாப்ல இருந்து ரிட்டையர் ஆனவன். தகரத்தைக் கண்டா என் கை சும்மா இருக்காது. அவர் வார்ப்படக் கம்பெனியில பேட்டர்ன் மேக்கரா இருந்தவர். இரும்பை உருக்கி ஊத்தறதுக்கு முன்னாடி, அதே உருவத்தை மரத்துல செஞ்சு குடுக்கற வேலை. சம்சாரம் தவறின பிறகு வீட்டு முன் ரூமையே பட்டறை ஆக்கிட்டார். பலகை மேல பலகை ஒட்டி, செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, அந்த அடிப்பாகத்தை உருட்டி எடுத்தார் பாருங்க, தடவினா கைக்குப் பிசிறு தட்டாது. நாலடிக்குக் கொஞ்சம் கம்மி, ஒரு ஜாண் கூட அகலம் இல்ல.

என் பக்கம் எண்ணெய் டின்னைப் பிரிச்சு மூணு புகைபோக்கி சுத்தினேன். பழைய ரேடியோ ஏரியலை அறுத்து பீரங்கிக் குழாய். பாய்மரக் கம்பம் மாதிரி நிக்கற ரெண்டு மாஸ்டுக்கு குடைக் கம்பி. ஃபேன் காயில்ல இருந்து உருவின செம்புக் கம்பியில கைப்பிடி வேலி. நங்கூரத்துக்குச் சங்கிலி வேணும்னு தேடிகினு இருந்தப்போ, என் பொண்ணு அறுந்துபோன கவரிங் செயின் ஒண்ணைக் கொண்டாந்து நீட்டினா. "இது போதுமாப்பா?" போதுமாவா? அளவெடுத்த மாதிரி இருந்துச்சு.

இன்டர்நெட்ல கிடைச்ச வரைபடத்தை ஆளுக்கொண்ணு பிரின்ட் எடுத்துகினோம். அதுல போட்டிருந்த அளவை அவர் அவரோட ஸ்கேல்ல எடுத்தார், நான் என்னோட ஸ்கேல்ல எடுத்தேன். ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் அளந்து பார்க்கறது மரியாதை இல்லன்னு நெனைப்பு. சம்பந்தி வூட்டுச் சாப்பாட்டுல உப்பு பத்தலன்னு சொல்லுவோமா? அதே கதைதான்.

ஞாயித்துக்கிழமை ஆனா நான் பஸ் ஏறி அங்க போவேன், இல்ல அவர் இங்க வருவார். சாமான் வாங்கன்னு சில வாரம் ரெண்டு பேரும் சேர்ந்தே பஸ்ல போவோம், கையில துணி சுத்தின புகைபோக்கி. பக்கத்து சீட்டுக்காரன் ரெண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துட்டு, "இவரு உங்களுக்கு இன்னா வோணும்?"னு கேட்பான். எங்க பக்கத்துல ஊர் பேரு கேக்கறதுக்கு முன்னாடி உறவைத்தான் கேட்பாங்க. "சம்பந்தி"ம்பேன். அப்படிச் சொல்றதுல எனக்கு ஒரு கெத்து இருந்துச்சு. கூடப் பொறந்தவனுங்க கூட சொத்துத் தகராறுல பேச்சு விட்டுப்போன எனக்கு, அந்த வயசுல ஒரு சிநேகிதன் கிடைக்கறதுன்னா சும்மாவா?

கப்பலோட மேல் தளம் தகரத்துல வெட்டி முடிச்ச வாரம். வர்ற ஞாயித்துக்கிழமை அதை அவர் வூட்டுக்குக் கொண்டுபோய், அடிப்பாகத்து மேல மொத மொதலா வெச்சுப் பார்க்கறதா பேச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் பொண்ணு வந்து நின்னா. அவளும் மாப்பிள்ளையும் பிரியறதா முடிவு பண்ணிட்டாங்களாம். அடி இல்ல, குடி இல்ல, யார் மேலயும் குத்தம் இல்ல. ஒத்து வரலியாம். ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிச்சிட்டு, கடைசியாத்தான் எங்ககிட்ட சொல்றாங்க.

சொல்லி முடிச்சிட்டு, "அப்பா, உங்க கப்பல் என்னாகும்?"னு கேட்டா.

"கப்பலாவது மண்ணாங்கட்டியாவது!"ன்னு கத்திட்டேன். அவ அழுதா. அந்தக் கேள்வியை அவ சும்மா கேக்கலன்னு எனக்குத் தெரியும். தன் கல்யாணத்தோட சேர்த்து அப்பாவோட சிநேகிதத்தையும் உடைச்சிட்டோமோன்னு அவளுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். அவ வாழ்க்கையை நெனைச்சு கவலை இருந்துச்சு, வாஸ்தவம். ஆனா அந்த ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போகாம வூட்ல உக்காந்திருந்தப்போ, அடிச்சுப்போட்ட மாதிரி இருந்துச்சே, அது எனக்காகத்தான்.

அவரும் போன் பண்ணல, நானும் பண்ணல. என்னன்னு பேசறது? பசங்க சம்பந்தம் போனா சம்பந்தி யாரு? மாமன், மச்சான், பங்காளின்னு ஆயிரம் உறவுக்குப் பேரு வெச்சவங்க, இதுக்கு மட்டும் ஒண்ணும் வெக்கல. என் சம்சாரம் வேற, தகரத்தைத் தொட்டாலே சீறினா. "இருக்கற மானமெல்லாம் கப்பலேறிப்போச்சு. இவருக்கு இன்னும் கப்பல் ஒரு கேடா!"

அப்புறம் ஒரு நாள் காலையில வாசல்ல ஒரு குட்டி யானை வந்து நின்னுச்சு. சின்ன லோடு வண்டி. கல்யாணத்துல நாங்க குடுத்த சீர் எல்லாம் திரும்பி வருது. பிரியறப்போ அவங்கவங்க பொருளை அவங்கவங்களுக்குத் திருப்பறது வழக்கம், வக்கீலும் அப்படித்தான் சொல்லியிருந்தார். கட்டில், பீரோ, எவர்சில்வர் அண்டான்னு எறக்கிகினு வந்தாங்க. கடைசியா டிரைவர், "இத பார்த்து எறக்கணும்னு பெரியவரு சொன்னாரு"ன்னு நீளமா ஒரு பொட்டலத்தை ரெண்டு கையாலயும் தூக்கினு வந்தான்.

பிரிச்சேன். உள்ள கப்பலோட அடிப்பாகம். சுத்தியிருந்தது அந்தப் பட்டு வேட்டி. கல்யாணத்தன்னைக்கு மேடையில நிக்க வெச்சு, தட்டுல வெச்சு, சம்பந்தி மரியாதைன்னு நானே அவர் கையில குடுத்தது.

சுர்ருனு ஏறிச்சு பாருங்க! கப்பலைத் திருப்பி அனுப்பினது கூடப் போவட்டும். வேட்டியையுமா? பந்தமும் வேணாம், மரியாதையும் வேணாம்னு மூஞ்சியில அடிக்கறதுதானே அது? "இதான் மனுசனோட லட்சணம். நீங்கதான் சம்பந்தி சம்பந்தின்னு உருகினீங்க"ன்னா என் சம்சாரம். நான் அடிப்பாகத்தை மாடி ஷெட்டுல போட்டு, கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்.

மழை ஆரம்பிச்சப்போ ஷெட்டு ஒழுகுதான்னு பார்க்கப் போனேன். தகரத் தளம் ஒரு பக்கம், அடிப்பாகம் ஒரு பக்கம் கிடந்துச்சு. கை கேக்குமா? தூக்கி மேல வெச்சேன். பொருந்தல. முன்னாடி சேர்த்தா பின்னாடி ஒரு விரல் அகலத்துக்கு மரம் துருத்துது.

"அளவு தெரியாத ஆளு! இதுக்கா இத்தனை பீத்தல்!"னு தனியா நின்னு திட்டினேன். டேப்பைக் கொண்டாந்து அளந்தேன். நீளம் கூட. அகலமும் கூட. உயரமும் ஒரு நூல் கூட. தப்புன்னா ஒரு இடத்துல கூடும், ஒரு இடத்துல குறையும். இது எங்க தொட்டாலும் ஒரே கணக்குல கூடியிருக்கு. அப்புறம்தான் மண்டையில உறைச்சுது. உருக்கின இரும்பு ஆறினா சுருங்கும். அதனால அச்சு செய்யறவங்க மரத்தைக் கொஞ்சம் பெருசாத்தான் செய்வாங்க. அதுக்குன்னே அவங்ககிட்ட தனி ஸ்கேல் இருக்கும், அதுல ஒவ்வொரு கோடும் நெசத்தை விட ஒரு துளி தள்ளி. ஆயுசு முழுக்க அந்த ஸ்கேலைப் புடிச்ச மனுசன், எம்டனையும் அதே ஸ்கேல்ல அளந்திருக்கார். மரக் கப்பல் இரும்பு மாதிரி ஆறிச் சுருங்கும்னு காத்துகினு இருந்தார் போல!

சிரிச்சேன். அந்த ஷெட்டுல தனியா நின்னு கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன். இதைச் சொல்லிச் சிரிக்க உலகத்துல எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர்கிட்ட பேச்சு இல்ல.

மறுநாள் காலையில அடிப்பாகத்தைச் சாக்குல சுத்திகினு மதுராந்தகம் கிளம்பினேன். என் சம்சாரம் வழி மறிப்பான்னு பார்த்தேன். உள்ள போய் அந்தப் பட்டு வேட்டியை எடுத்துகினு வந்தா, இஸ்திரி போட்டு மடிச்சிருந்துச்சு. "போறதுதான் போறீங்க. இதையும் குடுத்துட்டு, ஏன் அனுப்பினீங்கன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுகினு வாங்க"ன்னா.

கதவைத் திறந்தவர், "வாங்க..."ன்னு ஆரம்பிச்சு நின்னுட்டார். அந்த வார்த்தைக்கு அப்புறம் எப்பவும் சம்பந்தின்னு ஒரு வார்த்தை வரும். அது வரல. இளைச்சிருந்தார். பையனும் வேலைன்னு பெங்களூர் போயிட்டான்.

நான் உக்காரக் கூட இல்ல. "யோவ், கப்பலை என்ன இரும்புல ஊத்தப் போறியா? ஒரு விரல் பெருசா கீது!"ன்னேன். கல்யாணம் பேசின நாள்ல இருந்து அவரை நான் ஒருமையில பேசினதே இல்ல. அவர் முழிச்சார். ஆணியில மாட்டியிருந்த ஸ்கேலைப் போய் எடுத்தார், பார்த்தார், நெத்தியில அடிச்சிகினார். "அட, கை பழக்கத்துல..."ன்னு உக்காந்துட்டார். தோள் குலுங்குச்சு. சிரிக்கறார்னு நெனைச்சேன். அழுதுகினு இருந்தார்.

வேட்டியை மடியில வெச்சேன். "இதை ஏன் அனுப்பினீங்க?"

"வூட்ல இருந்ததுலயே மெத்துன்னு இருந்தது அதாங்க. வண்டியில கீறல் விழுந்துடக்கூடாதுன்னு சுத்தினேன்."

"சரி, கப்பலை?"

"பாதிக் கப்பலை வெச்சிகினு நான் இன்னா பண்றது? இனிமே நீங்க இங்க வரமாட்டீங்க. உங்ககிட்டயாவது அது முழுசாகட்டுமேன்னுதான்."

அவர் எழுந்து, "முன்னாடி பின்னாடி இழைச்சுக் குறைச்சிடறேன்"னு இழைப்புளியை எடுத்தார். "கை வெச்சீங்கன்னா பாருங்க! தகரத்தை நான் புதுசா வெட்டிக்கறேன். அந்த ஸ்கேலைக் குடுங்க"ன்னேன். புகைபோக்கியில இருந்து வேலி வரைக்கும் அத்தனையையும் அவர் ஸ்கேல்ல திரும்பச் செஞ்சேன். பஸ்ஸும் திரும்ப ஓடுச்சு. ஆனா ஒருத்தரை ஒருத்தர் "ஏங்க", "இந்தாங்க"ன்னுதான் கூப்பிட்டுகினோம். பழைய வார்த்தை ரெண்டு பேர் வாயிலயும் வரல. பஸ்ல யாராவது உறவு கேட்டா, ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன்.

கப்பலைத் தண்ணியில விட கடப்பாக்கம் போனோம். அங்க கடலோரத்துல ஒரு பழைய கோட்டை, அதுக்குப் பின்னால உப்பங்கழி, அலை இல்லாத தண்ணி. என் பொண்ணுதான் கார் ஓட்டினா. நானே வர்றேன்னு அவதான் சொன்னா. முழங்கால் ஆழத்துல நின்னு, அவர் மூக்குப் பக்கம் புடிக்க, நான் வால் பக்கம் புடிக்க, மெதுவா விட்டோம். நின்னுச்சு. சாம்பல் நிறத்துல, மூணு புகைபோக்கியோட, நெஞ்சை நிமித்திகினு நின்னுச்சு.

கரையில வலை பிரிச்சிகினு இருந்தவர் எழுந்து வந்தார். "ஜோரா கீதே! ரெண்டு பேருமா செஞ்சீங்க? ஒருத்தருக்கு ஒருத்தரு இன்னா வோணும்?"

நான் தண்ணியைப் பார்த்தேன். அவர் குனிஞ்சு நங்கூரச் சங்கிலியைச் சரி பண்ற மாதிரி நின்னார்.

கரையில செருப்பைக் கையில புடிச்சிகினு நின்ன என் பொண்ணு சொன்னா, "சம்பந்திங்க."

"அப்போ நீ அவரு மருமவளா?"

"இல்லண்ணா. அது முடிஞ்சிபோச்சு. இவங்க சம்பந்தம் முடியல."

வலைக்காரர் மூணு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, சரிம்மான்னு தலையாட்டினார். கப்பல் எடப் பக்கம் லேசா சாஞ்சிருந்துச்சு. நங்கூரத்துக்கிட்ட குனிஞ்சிருந்தவர் நிமிராமலே, "உள்ள பாரத்துக்கு வெச்ச ஈயத்தைக் கொஞ்சம் வலப் பக்கம் நகத்தணும் போல கீது"ன்னார்.

"நகத்திடலாம் சம்பந்தி"ன்னேன்.