ஜாம் மரமும் ஓட்டைச் சேலையும்

பென்சன் எடுத்தபிறகு அப்பா பொழுது போகாமல் அம்மாவோடு கொழுவிச் சண்டை பிடிக்கிறார் என்று கேள்விப்பட்டு, கனடாவிலிருந்து எங்கள் மகள் எனக்கு ஒரு பைனாகுலர் அனுப்பிவைத்தாள். கொழுவல் அதற்குப் பிறகுதான் கூடியது.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்குப் பக்கத்து வெறுங்காணியில் ஒரு ஜாம் மரம் தானாக முளைத்து, எங்கள் பல்கனி உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. பழம் சிவந்தால் விடியவே கொண்டைக்குருவிகள் வந்துவிடும். கறுப்புத் தலை, வாலுக்குக் கீழே கொஞ்சம் சிவப்பு. வாயில் ஒரு பழம் இருக்கும்போதே அடுத்ததற்குச் சண்டை பிடிக்கும். கலியாண வீட்டு முதல் பந்தியில் எங்கள் சொந்தக்காரர் சிலரை இப்படிப் பார்த்திருக்கிறேன்.

“இஞ்சேருங்கோ, உள்ளுக்கு வாங்கோ! ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்?” என்பாள் மனைவி.

“குருவி பாக்கிறன் எண்டு நினைப்பினம்.”

“வெள்ளவத்தையில ஒரு தமிழ் ஆள் பைனாகுலரோட நிண்டால், குருவி எண்டு ஆர் நம்புறது?”

யுத்தம் முடிந்து எத்தனை வருசம் என்று கேட்டேன். எதிர் மாடியில் ஒரு பெண் அவசரமாகத் திரைச்சீலையை இழுத்து மூடுவதை மனைவி காட்டினாள். பைனாகுலரைக் கீழே இறக்கினேன்.

பகிடி பண்ணினாலும் அவளுடைய பயம் எனக்குத் தெரியும். யுத்தக் காலத்தில் ஒருமுறை ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து, கீழ்வீட்டுப் பெடியனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் இருவரும் கதவுக்குப் பின்னால் குந்தியிருந்தோம். பக்கத்துக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. என் கையை இறுக்கிப் பிடித்து, “அசையாதேங்கோ” என்றாள். எங்கள் கதவை அவர்கள் தட்டவில்லை.

ஒருநாள் பைனாகுலரைக் காணவில்லை. தேடியதில் அரிசி வாளிக்குள் கிடந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அடுத்த நாள் பார்த்தால், பல்கனிக் கொடியில் அவளுடைய பழைய நூல் சேலை அகல விரிந்து தொங்குகிறது. நடுவில் கண்ணுக்கொன்றாக இரண்டு ஓட்டை.

“இனி எவ்வளவும் பாருங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது.”

ஓட்டைச் சேலைக்குப் பின்னால் நிற்கிற கிழவனைக் கண்டால்தான் பொலிசுக்குச் சந்தேகம் வரும் என்று சொல்ல நினைத்தேன். காலைச் சாப்பாடு இன்னும் ஆகவில்லை என்பதால் சொல்லவில்லை.

ஆனால் ஆள் தெரியாமல் போனதும் குருவிகளுக்குத் துணிவு வந்துவிட்டது. மரத்தை விட்டுப் பல்கனிக் கம்பிக்கே வரத் தொடங்கின. அவளும் ஒன்றும் தெரியாதவள் போலப் பப்பாசித் துண்டு வைக்கத் தொடங்கினாள். பிறகொரு நாள் சேலையில் மூன்றாவதாக ஓர் ஓட்டையைக் கண்டேன், சரியாக அவளுடைய உயரத்தில்.

போன கிழமை இருவருமாக நின்றோம். ஒரு கொண்டைக்குருவி கைக்கெட்டும் தூரத்தில் வந்து குந்தியது. எனக்குக் கால் விறைத்துவிட்டது. மெல்ல மாற்றப் பார்த்தேன். என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“அசையாதேங்கோ.”

அதே சொல், அதே பிடி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குருவி பப்பாசி தின்றதை அவள்தான் முழுதாகப் பார்த்தாள்.