கல்லுக்குள் ஒரு குமிழி

இருபது வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

இலத்தூர்ப் பக்கம் மூடிப்போன குவாரியில் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் ஒரு ஸ்படிகக்கல்லைக் கண்டெடுத்தவன் நான். கூட வந்த நண்பன், "பாத்துட்டுத் தாரேம்லே" என்று வாங்கிப் போனவன்தான். திருப்பித் தரவில்லை. கேட்டதில் சண்டை வந்து பேச்சும் நின்றது.

இன்று குற்றாலத்தில் அவன் கடைக்குள் நுழைந்தேன். கண்ணாடி அலமாரியில் அதே கல். கீழே சீட்டு: 'இலத்தூர் குவாரி. கண்டெடுத்தவர்: தெரியவில்லை.'

"ஏலே, உனக்கா தெரியாது?"

"இருந்த கோவத்துல உம் பேரை எழுத மனசு வரல. எம் பேரை எழுதுனா பொய்யில்லா? இப்ப எழுதிருதேன், இரி."

பேனாவைத் தேடப் போகுமுன் கல்லை என் கையில் கொடுத்தான். சாய்த்தேன். உள்ளே அடைபட்ட துளி நீரில் குமிழி ஒன்று மெல்ல நகர்ந்தது. மனிதர்களே இல்லாத காலத்து நீர். வெளியே அருவிச் சத்தம். எவ்வளவு நேரம் நின்றேனோ.

"எழுதவாலே?"

"வேண்டாம்" என்றேன்.

மன்னித்துவிட்டதாக நினைக்காதீர்கள். கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த நீருக்குப் பக்கத்தில் என் பெயர் அசிங்கமாக இருக்கும் என்று பட்டது.

அவனைக் கிழிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது இதையும் பெயரில்லாமலே குழுவில் போடுகிறேன். யாரென்று கண்டுபிடித்தவர்கள் கமெண்டில் சொல்லிவிடாதீர்கள்.