பக்கத்து வீட்டார் வெயிலுக்குப் போனார்கள்

இங்கிலாந்துக்கு வந்து பிளேஸ்டோவில் நாங்கள் முதலில் வாடகைக்கு எடுத்த வீடு ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையில் கடைசிக்கு முந்தியது. கடைசி வீட்டில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இருந்தார்கள். இருவருக்கும் அறுபது வயது இருக்கும். கணவர் துறைமுகத்தில் வேலை செய்து, துறைமுகம் மூடியபின் வீட்டோடு இருந்தவர். அந்த அம்மா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறினார். அது எண்பதுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. என் கணவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர். அதன் வழியாகக் கிழவரின் இருமல்தான் எங்களுக்கு முதலில் அறிமுகமானது. புரட்டாதி கழிந்ததும் தொடங்கி சித்திரை மட்டும் இருமுவார். வாசலில் கண்டால் எங்களோடு பேசமாட்டார். நான் மீன் பொரித்தால் தன் ஜன்னலை அடித்துச் சாத்துவார். ஆனால் நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்த குளிர்காலத்தில், வாசல் படி உறைந்து கிடந்த ஒரு காலை, யாரோ எங்கள் படியில் உப்புத் தூவியிருந்தார்கள். கணவர்தான் தூவினார் என்று நினைத்தேன். அவரோ நான் என்று நினைத்திருந்தார். அடுத்த நாள் ஜன்னலால் பார்த்தேன். கிழவர் கையில் வாளியோடு எங்கள் படியில் குனிந்து நின்றார்.

அந்த அம்மாவோடு நான் கதைத்ததெல்லாம் ஆங்கிலத்தில்தான், அதுவும் என்னுடைய அரைகுறை ஆங்கிலத்தில். ஆனால் இப்போது நினைக்கும்போது அவர் என் தமிழிலேயே பேசுகிறார். எப்படி அப்படி ஆனதென்று தெரியவில்லை.

ஏழாம் மாதம் ஒரு பின்னேரம் எனக்கு இரத்தம் பட்டது. கணவர் வேலையில். வீட்டில் ரெலிபோன் இல்லை. நான் போய் அவர்கள் கதவைத் தட்டினேன். அந்த அம்மா என்னைப் பார்த்த உடனேயே ஆம்புலன்சுக்கு அடித்துவிட்டு, வீட்டுச் செருப்போடேயே என்னுடன் ஏறினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கே நோகிறது, எப்படி நோகிறது என்று கேட்டார். எனக்கு அந்த மொழியில் நோவுக்கு ஒரேயொரு சொல்தான் தெரியும். உளைவையும் குத்தையும் இழுவையையும் நான் எந்தச் சொல்லில் சொல்வேன்? அந்த அம்மா தன் வயிற்றில் கைவைத்துக் காட்டி, முகத்தைச் சுளித்துக் காட்டி, "இப்பிடியோ? இல்லாட்டி இப்பிடியோ?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் தலையாட்டியதை டாக்டருக்குச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து மகள் ஒரு குறையும் இல்லாமல் பிறந்தாள்.

மகள் நடக்கத் தொடங்கியிருந்த நாட்களில் கிழவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுதான் முதல் தடவை. கையில் ஒரு வழவழப்பான புத்தகம். உள்ளே படங்கள். வெள்ளைச் சுவர்களும் பல்கனியுமாக ஒரு தொடர்மாடி, அதற்கு முன்னால் நீலமாகக் கடல். ஸ்பெயின் என்றார்.

"இஞ்சை வீட்டை வித்துப்போட்டு அங்கை போகப்போறம். என்ரை பென்ஷனுக்கு இஞ்சை கரிக்கும் கரண்டுக்கும் கட்டவே காணாது. அங்கை ராசா மாதிரி இருக்கலாம். தை மாதத்திலையும் சேட்டோடை வெளியிலை இருக்கலாமாம்."

"அந்த நாட்டுப் பாஷை உங்களுக்குத் தெரியுமோ?" என்று என் கணவர் கேட்டார்.

"அங்கை எல்லாரும் இங்கிலீஷ் கதைக்கினம்," என்றார் கிழவர். அன்றைக்கு அவர் இருமவேயில்லை. அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

அவர் போனபிறகு என் கணவர் கதிரையில் சாய்ந்தபடி சொன்னார்: "வெயிலைத் தேடிப் போகினம். நாங்கள் வெயிலை விட்டிட்டு ஓடி வந்திருக்கிறம்."

நானும் சிரித்தேன். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் எங்கள் அகதி பைல் இன்னும் முடியாமல் கிடந்த காலம் அது. இங்கே இருக்கவிடுவார்களா என்பதே எங்களுக்குத் தெரியாது. இவர்களோ தாங்களாகவே போகிறோம் என்கிறார்கள்.

இரண்டு கிழமை கழித்து அந்த அம்மா தனியாக வந்தார். குசினியில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீ உன்ரை வீட்டை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு என்ன செய்தனீ?"

யோசித்துப் பார்த்தேன். "வீட்டைக் கூட்டினனான்," என்றேன்.

"ஆர் வருகினமெண்டு கூட்டினனீ?"

"ஒருத்தரும் இல்லை."

சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்கள் நிரம்பின. "எனக்குப் போக விருப்பமில்லை. என்ரை அம்மா, அப்பா, செத்துப்போன பிள்ளை, எல்லாரும் இஞ்சைதான் கிடக்கினம்."

அவர்களுக்கு ஒரு பிள்ளை இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "அவரிட்டைச் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"அந்த மனுசன் வாழ்க்கையிலை ஆசைப்பட்டது இது ஒண்டுதான். நான் எப்பிடிச் சொல்ல?"

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என்னை விமானம் ஏற்றும்போது எல்லோரும் எனக்குச் சொன்னதையே நான் அவருக்குச் சொன்னேன். "போங்கோ. போனாப் பிறகு எல்லாம் பழகிப்போகும். அவரின்ரை நெஞ்சுக்கும் வெயில் நல்லம்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார். நான் சொன்னது எனக்கே இன்னும் பலிக்கவில்லை என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

வீடுகளுக்கு நல்ல விலை போன காலம். கோடை முடியுமுன் விற்றுவிட்டார்கள். புறப்பட்ட காலையில் கிழவர் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த அம்மா மகளைத் தூக்கி, அவள் கழுத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சாமான் ஏற்றிய வான் தெருமுனையில் திரும்பியபின் அந்தச் சுவரிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு கிழமை எனக்கு நித்திரையே சரியில்லை. அந்த இருமலுக்கு நான் பழகிவிட்டிருந்தேன்.

கடிதங்கள் வந்தன. அகராதியை வைத்துக்கொண்டு வாசிப்பேன். உடுப்புக் காயப்போட்டால் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடுகிறதாம். வீதியோரத்திலேயே தோடம்பழ மரம் நிற்கிறதாம். கிழவருக்கு இருமல் நின்றுவிட்டதாம். தொடர்மாடியில் பாதிப்பேர் இங்கிலாந்துக்காரர்கள், சனிக்கிழமைகளில் கூடிச் சீட்டு விளையாடுகிறார்கள் என்றும் எழுதினார். நான் மகளின் படம் அனுப்பினேன். இரண்டு வருடம் இப்படிப் போனது.

அதற்குப் பிறகு எழுத்துச் சிறியதானது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், இல்லையென்றால் திரும்பினார்கள். இங்கிலாந்துப் பவுண் காசின் மதிப்பு இறங்கி, ராசா மாதிரி இருக்கலாம் என்ற பென்ஷன் கடைக்குப் போக மட்டும் போதுமானதாயிற்று. பிறகு கிழவருக்கு வயிற்றில் ஏதோ வந்தது. அந்தக் கடிதத்தின் ஒரு பகுதி எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. "இவருக்கு எங்கே நோகிறது என்று டாக்டருக்குச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. என் வயிற்றில் கைவைத்துக் காட்டினேன். அந்த டாக்டர் எனக்குத்தான் வருத்தம் என்று நினைத்துவிட்டார்." வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அந்த மாரியிலேயே அவர் செத்துப்போனார். சவப்பெட்டியை மண்ணில் வைக்கவில்லை, சுவரில் ஒரு பொந்துக்குள் தள்ளிச் சீமெந்தால் பூசிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

மகளுக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது, பங்குனி மாதத்து ஒரு பின்னேரம் கதவு தட்டிக் கேட்டது. திறந்தால் அந்த அம்மா. முகம் கறுத்து, ஆள் பாதியாகி, அந்தக் குளிருக்கு ஒரு மெல்லிய மேலங்கியோடு, பக்கத்தில் ஒரு சூட்கேசோடு நின்றார். வந்த விலைக்கு அங்கே வீட்டைக் கொடுத்துவிட்டாராம். அந்தக் காசில் பாதி ஆஸ்பத்திரிக் கடனுக்கே போய்விட்டதாம். தன் பழைய வீட்டுக் கதவு நீலமாகிவிட்டதைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

முன்னறையை ஒழித்துக் கொடுத்தோம். காலையில் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். பின்னேரம் அவளை வாசிக்கப் பண்ணுவார். புட்டைச் சீனி போட்டுத்தான் சாப்பிடுவார்.

இரண்டாம் கிழமை உதவிப்பணம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். தனியே போகப் பயமாக இருக்கிறது என்றார். நான் கூடப் போனேன். நம்பர் எழுதிய துண்டோடு வாங்கில் இருந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் பெண். மரியாதையாகத்தான் கேட்டாள். எப்போது நாட்டை விட்டுப் போனீர்கள்? ஏன்? எல்லாவற்றையும் விற்றுவிட்டா போனீர்கள்? இனி இங்கேயே இருக்கும் எண்ணமா? அதற்கு என்ன அத்தாட்சி?

"நான் ரெண்டு தெரு தள்ளிப் பிறந்தனான்," என்றார் அந்த அம்மா.

"விளங்குது. ஆனால் நீங்கள் இஞ்சை வழமையா வசிக்கிற ஆள் எண்டு காட்டவேணும். உங்களுக்கு இஞ்சை ஆராவது இருக்கினமோ?"

அந்த அம்மா என்னைக் காட்டினார்.

"சொந்தமோ?"

"பக்கத்து வீடு."

அந்தப் பெண் என்னவோ எழுதினாள். குரோய்டனில் ஏன் வந்தாய் என்று என்னிடம் மூன்று மணித்தியாலம் கேட்டார்கள். இங்கே ஏன் போனாய் என்று கேட்கிறார்கள். முடிவு வரச் சில கிழமைகள் ஆகும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பஸ்ஸில் அவர் கேட்டார்: "உன்னையும் இப்பிடித்தான் கேட்டவையோ?"

"ஓம்."

"எனக்கு நீ ஒருநாளும் சொல்லேல்லையே."

அவர் கேட்டிருக்கவில்லை, நானும் சொல்லியிருக்கவில்லை.

ஐந்தாம் கிழமை கொழும்பிலிருந்து ரெலிபோன் வந்தது. கணவரின் தம்பியும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிக் கொழும்புக்கு வந்துவிட்டார்கள். பயண ஒழுங்கெல்லாம் முடிந்து, பத்து நாளில் எங்களிடம் வருகிறார்கள்.

"எங்கை படுக்கிறது? நாலுபேர்," என்றார் கணவர்.

"அவாவை எங்கை போகச் சொல்லுறது?"

"நான் போகச் சொல்லேல்லை. கேட்டுப் பாரும் எண்டுதான் சொல்லுறன். இங்கிலாந்து வடக்கிலை அவாவுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாவெல்லோ."

"அந்த மனுசி எனக்குச் செய்ததை மறந்திட்டியளோ?"

"மறக்கேல்லை. ஆனால் அவன் என்ரை கூடப்பிறந்தவன். செல்லடிக்குள்ளாலை வாறாங்கள். நான் என்ன செய்ய ஏலும்?"

நாங்கள் தமிழில்தான் கதைத்தோம். அந்த அம்மா முன்னறையில் மகளோடு இருந்தார். ஒரு சொல்லும் அவருக்கு விளங்கியிருக்காது. ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேர் குரலைத் தாழ்த்திக் கதைத்தால் யாரைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று விளங்கப் பாஷை தேவையில்லையே. மூன்றாம் நாள் காலை அவர் சூட்கேசைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"இல்ஃபோர்ட்டிலை எனக்கு ஒரு அறை குடுத்திருக்கினம். அலுவலகத்திலை இருந்து கடிதம் வந்தது," என்றார்.

அந்த மூன்று நாளும் தபால்காரர் போட்டதையெல்லாம் கதவடியில் பொறுக்கியவள் நான். அவருக்கு ஒரு கடிதமும் வரவில்லை. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். "நல்லதாப் போச்சு," என்று சொன்னேன். சூட்கேசின் மறுபக்கத்தைப் பிடித்து பஸ் நிறுத்தம் மட்டும் தூக்கிக்கொண்டு போனேன்.

அது வீடில்லாதவர்களுக்கான ஒரு விடுதி. தன்பாட்டில் போய்க் கேட்டு எடுத்திருக்கிறார். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை. தொடக்கத்தில் சனிக்கிழமை தோறும் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். உதவிப்பணம் கோடையில் கிடைத்துவிட்டது, ஆனால் வீடு கிடைக்கவில்லை. அவர் ஒருநாளும் குறை சொல்லவில்லை. மகள் எந்தப் புத்தகம் வாசிக்கிறாள் என்று மட்டும் கேட்பார். இதற்கிடையில் தம்பி குடும்பத்தோடு ஓடித் திரிவதில் எனக்கு நேரம் இல்லாமல் போனது. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் என்றாகி, மாதத்துக்கு ஒருக்கால் என்றாகியது. கார்த்திகை மாதம் நான் போகவேயில்லை.

மார்கழியில் விடுதிக்காரர் ரெலிபோன் எடுத்தார். நியூமோனியா, மூன்று நாளில் முடிந்துவிட்டதாம். கைப்பைக்குள் என்னுடைய நம்பர் இருந்ததாம்.

எரிக்கும் இடத்தில் நான்கு பேர் நின்றோம். நானும் கணவரும், விடுதிக்காரர், வடக்கிலிருந்து வந்த தங்கச்சி. அவருக்கும் வயதாகிவிட்டது, தடியூன்றி நடந்தார். எல்லாம் முடிந்தபிறகு என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானே பக்கத்து வீடு? உங்கடை வீட்டிலை நல்ல அறையைக் குடுத்து வைச்சிருந்தனீங்களாம். திரும்பி வந்தாப்பிறகு சந்தோசமா இருந்தது அந்த அஞ்சு கிழமைதானெண்டு எனக்கு எழுதினவள்."

நான் அவரைக் கைபிடித்து வாசல் மட்டும் கூட்டிக்கொண்டு போனேன்.

கணவரின் தம்பி குடும்பம் எங்களோடு இருந்தது இரண்டே மாதம். பிறகு கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஆடியிலிருந்தே அந்த முன்னறை வெறுமையாகக் கிடந்தது. அதற்குப் பிறகும் நாலைந்து சனிக்கிழமை நான் இல்ஃபோர்ட்டுக்குப் போய் அந்தக் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டு வந்தேன். வாங்கோ என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

எரித்துவிட்டுத் திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவர், "நாங்கள் அவாவை வைச்சிருந்திருக்கலாம்," என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்த வசனத்தை நான் அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும். இறங்கி வீட்டுக்கு வந்து, மகள் பள்ளிக்கூடத்தால் வருமுன் உலையை வைத்தேன்.