சூரியனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தது

1973 நவம்பர் 10, சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குத் துபாய் தேராவில் டாக்ஸி ஏறினேன். ராஸ் அல் கைமா நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்; ஆளுக்குப் பத்து திர்ஹம். சத்வாவில் இருக்கும் என் மளிகைக் கடையை அன்று கூட்டாளி பார்த்துக்கொண்டார்.

"காலங்காத்தால யார் வீட்டுக் கல்யாணம், பாய்?" என்று பதான் டிரைவர் இந்தியில் கேட்டார்.

"புதன் கிரகம் இன்னைக்கு சூரியனுக்குக் குறுக்கே போகுது. பார்க்கப் போறேன்."

"குறுக்கே போகுதா? அதுக்குக் கஃபீல் யாரு?" என்றார். வண்டியே சிரித்தது. கஃபீல், அதாவது நமக்குப் பொறுப்பேற்க ஓர் அரபி, இல்லாமல் இந்த மண்ணில் யார் நடமாட முடியும்?

ஒன்பதரைக்குச் சிதம்பரம் சார் வீட்டில் இருந்தேன். பாளையங்கோட்டைக்காரர், சாலை சர்வேயர்; துபாய் வந்தால் மளிகை என் கடையில்தான். மொட்டை மாடியில் சிறிய தொலைநோக்கியை நிறுத்தி, சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைத்திருந்தார். சூரியனை நேராகப் பார்த்தால் கண் போய்விடும்.

நூறு வருஷத்துக்கு முன் வெள்ளி கிரகம் இப்படிக் கடந்தபோது, விஞ்ஞானிகள் கப்பலேறி உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் போனார்களாம். வெவ்வேறு இடத்தில் நின்று குறித்த நேரங்களின் வித்தியாசத்தை வைத்துச் சூரியனின் தூரத்தைக் கணக்கிட்டார்கள். சவூதியில், ஜித்தா ஷரஃபியாவில் இருக்கும் சாரின் பள்ளித்தோழரும் அன்று நேரம் குறிப்பதாக ஒப்பந்தம்.

"புதனை வச்சுத் தூரம் சரியா வராது பாய், வித்தியாசம் ரொம்பச் சின்னது. ஆனா அவங்க செஞ்ச வேலையை ஒரு தடவையாவது கையால செஞ்சு பார்க்கணும். எழுபதுல இது வந்தப்போ புழுதிக்காத்து கெடுத்துட்டு. இன்னைக்கு விட்டா இனி எண்பத்தாறுதான்" என்றார் சார்.

ஒருவர் கண், ஒருவர் கடிகாரம்: அதுதான் முறை. கடிகாரம் நான். காலையில் வானொலியின் மணியோசைக்குச் சரியாகத் திருத்தி வைத்திருந்தேன்.

பதினொன்று நாற்பத்தேழுக்குச் சூரியனின் ஓரத்தில் கடுகைவிடச் சிறிதாக ஒரு கறுப்பு. அது முழுதாக உள்ளே வந்து விளிம்பை விட்டு அறுபடும் விநாடிதான் வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் ஆனது.

"இப்போ!" என்றார் சார்.

"இருபத்தெட்டு!" என்றேன்.

சார் எழுதிக்கொண்டு என் தோளைத் தட்டினார். அவர் மனைவி மீனாட்சியம்மா எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். நான் டம்ளரைத் தொடவில்லை. ஏனென்றால் சார் கூவிய கணத்தில் நான் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் தராசு முள்ளைப் பாராமலே எடை சொல்லிப் பழகிய வாய், தானாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டது.

பொய் சொல்லி வாழ்ந்தவனும் இல்லை, மெய் சொல்லிக் கெட்டவனும் இல்லை என்பார்கள். மெய்யைச் சொல்ல எனக்கு மதியச் சாப்பாடு முடியும்வரை ஆனது.

"சார், அந்த இருபத்தெட்டு நான் கடிகாரத்துல பார்த்ததில்ல. குத்துமதிப்பு."

சார் தட்டை நகர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "எத்தனை விநாடி முன்னப்பின்ன இருக்கும்?"

"அதுவும் தெரியாது சார்."

"உங்க கடையில இனிமே நான் சீனி வாங்கமாட்டேன் அண்ணே" என்றார் மீனாட்சியம்மா.

சார் சிரித்துவிட்டார். நோட்டை எடுத்தார், இருபத்தெட்டை அடிக்கவில்லை. பக்கத்தில், 'கடிகாரம் பார்த்தவர் நிமிர்ந்துவிட்டார், நம்ப வேண்டாம்' என்று எழுதினார். "சாயங்காலம் அது வெளியே போற நேரம் இருக்கு. யல்லா பாய், நாற்காலியைத் திருப்பிப் போடுங்க."

ஐந்து மணிக்குச் சூரியன் கடலுக்கு மேலே சிவந்து தாழ்ந்திருந்தது. நான் அதற்கும் தாளுக்கும் முதுகு காட்டி உட்கார்ந்தேன். எதிரே கிழக்கு மலைகள் ரோஜா நிறமாகிக்கொண்டிருந்தன. அவற்றைக்கூட நான் பார்க்கவில்லை. ஐந்தே கால். விநாடி முள்ளைத் தவிர உலகத்தில் எனக்கு வேறொன்றும் இல்லை.

"பிம்பம் ஆடுது... ஒட்டிக்கிட்டு நிக்குது... இப்போ!"

"நாற்பத்தொண்ணு."

"நிச்சயமா?"

"சத்தியமா சார்."

நோட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அவர் எதுவும் எழுதவில்லை.

திரும்பும் டாக்ஸியில் பக்கத்தில் இருந்த மலையாளி, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "புள்ளி போனதைப் பார்த்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ எதுக்கு இவ்வளவு தூரம்?" என்று அவர் பரிதாபப்பட்டார். சார் தபாலில் போடச் சொன்ன ஜித்தா தோழருக்கான கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அதற்குள்ளே இரண்டு நேரங்கள். நான் வேடிக்கை பார்த்தது ஒன்று, பார்க்காமல் இருந்தது ஒன்று. நம்பக்கூடியது இரண்டாவதுதான்.