கேக்கும் வல்லாரையும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன், அவ்வளவு சோம்பல். ஆனால் இன்று அட்டன் நகரத்துச் சாப்பாட்டுக் கடையில் வல்லாரை அரியும் வாசம் அம்மாவைக் கொண்டுவந்துவிட்டது.

அப்பா தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரர்; நாங்கள் இருந்தது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். மிஞ்சிய கேக்கைத் தின்றே சின்ன வயதில் நான் உருண்டு போயிருந்தேன். மாசியில் காமன் கூத்தில் மன்மதன் வேஷம் கேட்டேன்.

"நீ குதிச்சா லயமே இடிஞ்சிரும்டா!" என்று கூத்து மாஸ்டர் சிரித்தார்.

அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து அம்மா கேக்கையெல்லாம் லயத்தில் அடுத்த காம்பரா அறையில் இருந்த என் கூட்டாளி செல்லையாவுக்குக் கொடுத்தாள். எனக்கு, கொழுந்து பறித்துத் திரும்பும் வழியில் பிடுங்கிய வல்லாரையில் தேங்காய்ப்பூச் சம்பல்.

"மொதல்ல கீர. அப்புறந்தான் ரொட்டி."

அடுத்த மாசியில் நான்தான் மன்மதன். மூச்சு வாங்காமல் ஆடினேன். இன்றும் மலையேறும் இந்த உடம்பு அவள் கொடுத்தது.

இதைச் செல்லையாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"எனக்கு இந்தத் தொப்பயக் குடுத்ததும் ஒங்கம்மாதான்டா, அதையும் எழுது!"